தேவ நடத்துதல்: அடையாளம் வரும்வரை காத்திருப்பதா?

கேள்வி: சயானிலிருந்து ஒரு வாசகர், ஜனவரி 5

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். படிப்பு முடிந்த கையோடு மும்பைக்கு வந்தவன். சயானில் வாடகை வீடு, மஸ்ஜித் பந்தரில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. அப்பா இறந்த பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். மும்பைக்கு வரமாட்டேன் என்கிறார். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவதா, இங்கேயே இருந்து பணம் அனுப்புவதா என்று மாதக்கணக்கில் ஜெபிக்கிறேன். பதில் இல்லை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் "நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்" என்று வந்தது. ஊருக்குப் போ என்று அர்த்தம் என்கிறாள் அக்கா. அலுவலகத்தில் பதவி உயர்வு வரப்போகிறது என்று அர்த்தம் என்கிறார் நண்பர். என் எண்ணம் இது: தேவன் நடத்துவார் என்று நம்புகிறவன் தானாக முடிவெடுக்கக் கூடாது. தெளிவான அடையாளம் வரும்வரை அசையாமல் இருப்பதுதான் விசுவாசம். இதில் தவறு உண்டா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

பழைய மோட்டார்மேன், டோம்பிவிலி. ஜனவரி 5, இரவு

உண்டு.

முதலில் அந்த அட்டை. ஏசாயா 45ஆம் அதிகாரத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள், தம்பி. அந்த வார்த்தை கோரேசு என்னும் பாரசீக ராஜாவுக்குச் சொல்லப்பட்டது. செவ்வையாக்கப்படும் கோணல்களும், உடைக்கப்படும் வெண்கலக் கதவுகளும் அவன் படையெடுப்பைப் பற்றியவை. கி.மு. 539இல் பாபிலோன் அவன் கைக்கு வந்தது, சிறைப்பட்டிருந்த யூதர்கள் வீடு திரும்பினார்கள். அதைவிட முக்கியமானது, "நீ என்னை அறியாதிருந்தும்" என்று அதே அதிகாரம் அவனிடம் திரும்பச் சொல்கிறது. தான் நடத்தப்படுகிறோம் என்றே தெரியாத ஒருவனைத் தேவன் நடத்திக்கொண்டு போயிருக்கிறார். நீங்களோ அந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்தால்தான் நகர்வேன் என்கிறீர்கள்.

அட்டை அச்சடிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது. வருடம் முழுவதும் ஒரு வசனத்தை மனத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் அதை வைத்து டிக்கெட் எடுக்கக் கூடாது.

ஜனவரி 6, காலை

இரவில் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, "அந்தப் பையன் கேட்டதற்குப் பதில் எங்கே? கோரேசைப் பற்றியா கேட்டான்?" என்றாள். நியாயம். அசையாமல் இருப்பதுதான் விசுவாசமா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். மும்பை புறநகர் ரயிலில் மோட்டார்மேனாக, அதாவது ஓட்டுநராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிவப்பு என்றால் நில். அது குழந்தைக்கும் தெரியும். ஆனால் எங்கள் விதிப்புத்தகத்தில் சிவப்பு இரண்டு வகை.

ஒன்று, கம்பத்தில் ஆங்கில 'ஏ' என்ற எழுத்துப் பலகை உள்ள தானியங்கி சிக்னல். அது சிவப்பாக இருந்தால் நிற்க வேண்டும். பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம். அதற்குப் பிறகும் மாறவில்லையா, ஹாரன் கொடுத்துவிட்டு மெதுவாகக் கடந்து போகலாம். எதிரே எந்தத் தடை தென்பட்டாலும் அதற்கு முன்பே நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் போக வேண்டும். இன்னொரு விதியும் உண்டு, அதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அடுத்த சிக்னல் தூரத்தில் பச்சையாகத் தெரிந்தாலும், அதன் அடிக்குப் போய்ச் சேரும்வரை வேகத்தைக் கூட்டக் கூடாது. பச்சை என்பது அதற்கு அப்பால் உள்ள பாதைக்குத்தான். இடையில் உள்ள இருட்டில் முன்னால் போன வண்டி நின்றுகொண்டிருக்கலாம்.

மற்றது, அந்த எழுத்து இல்லாத சிவப்பு. அங்கே உரிய அனுமதி கைக்கு வராமல் ஓர் அங்குலம் நகரக் கூடாது. இரவு முழுவதும் நின்றாலும் சரி, பின்னால் ஆயிரம் பேர் கத்தினாலும் சரி.

பொய் சொல்லாதே, களவு செய்யாதே, தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு. இவையெல்லாம் இரண்டாவது வகை. அங்கே நம் யோசனைக்கு இடமில்லை. ஆனால் ஊரா மும்பையா என்று கேட்டதற்கு வானத்திலிருந்து சத்தம் வரவில்லை என்றால், அது முதல் வகை. கொஞ்சம் நில்லுங்கள், ஜெபியுங்கள், அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டு மெதுவாகப் போங்கள். முதல் வகைச் சிவப்பில் ராத்திரி முழுவதும் நின்றுவிட்டு, நான் கீழ்ப்படிந்தேன் என்று ஒரு மோட்டார்மேன் சொன்னால் அதிகாரி பாராட்டமாட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுப்பார்.

ஜனவரி 6, மதியம்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "ரயில்வே விதியை எழுதியவன் மனிதன். அண்ணாச்சி கடவுளையும் கண்ட்ரோல் ரூமில் உட்கார்த்திவிட்டார்."

உட்கார்த்தவில்லை. அவர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார் என்பது என் கட்சி. கேபினில் இருக்கும் எனக்கு அங்கே உள்ள பலகை தெரியாது, அவ்வளவுதான்.

ஜனவரி 8

செம்பூர் வாசகர் ஒருவர் நல்ல இடத்தில் பிடித்திருக்கிறார். எண்ணாகமம் 9ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் தேவன் வழிகாட்ட வைத்த மேகம் கூடாரத்தின் மேல் இரண்டு நாள் இருந்தாலும், ஒரு மாதம் இருந்தாலும், ஒரு வருடம் இருந்தாலும், அது எழும்பும்வரை இஸ்ரவேலர் புறப்படவில்லை. "இதற்கு உங்கள் 2 நிமிடக் கணக்கு பொருந்துமா?" என்று கேட்கிறார்.

பொருந்தாது. அந்த அதிகாரத்தை நான் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். காத்திருப்பதே கட்டளையாக வரும் காலம் உண்டு, அதை மறுக்க முடியாது. வாழ்க்கை முழுவதும் அட்டவணைக்கு ஓடியவனுக்குக் காத்திருப்பு என்றாலே நேரம் தவறுவது போலத்தான் தோன்றும். ஆகவே என் பேச்சில் அந்த அவசரம் இருப்பதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இருந்தாலும் இரண்டு விஷயம். அவர்கள் தலைக்கு மேல் மேகம் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். தம்பிக்கு அது இல்லை. இல்லாத மேகம் எழும்புவதற்காகக் காத்திருப்பது வேறு கதை. அடுத்தது, மேகம் நின்ற நாட்களில் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. காலையில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவைப் பொறுக்கினார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், வழக்குத் தீர்த்தார்கள். புறப்படும் நாள் தெரியாது என்பதற்காகக் கூடாரத்தில் ஒழுகும் இடத்தை ஒட்டுப் போடாமல் விட்டிருக்கமாட்டார்கள்.

தம்பி, அம்மா இருக்கும் வீடு ஒழுகுகிறதா? கேட்டீர்களா?

ஜனவரி 9

மீதியானியரோடு போருக்கு அழைக்கப்பட்ட கிதியோனைப் பற்றிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். மயிருள்ள தோலைக் களத்தில் போட்டு, தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டான், நடந்தது. மறுநாள் தரை நனைந்து தோல் காய்ந்திருக்க வேண்டும் என்றான், அதுவும் நடந்தது. ஆகவே நாமும் அடையாளம் கேட்கலாம் என்கிறார்கள்.

நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தில் தோல் வருவது கடைசியில். அதற்கு முன்பே தூதன் நேரில் வந்து, நீ போ, நான் உன்னோடே இருப்பேன் என்று தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. வழி தெரியாமல் கிதியோன் தோல் போடவில்லை. வழி தெரிந்தும் பயமாக இருந்ததால் போட்டான். தேவன் அவன் பயத்தைப் பொறுத்துக்கொண்டார். அது அவருடைய தயவு. அதை நாம் ஒரு முறையாக்கிவிட்டோம்.

சீட்டுப் போட்டுப் பார்ப்பது பற்றி. அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். அதற்குப் பிறகு சபை முடிவெடுக்கும் இடங்களில் சீட்டைப் பார்க்க முடியவில்லை, கூடிப் பேசுவதைத்தான் பார்க்கிறோம்.

மொரேவிய சபையாருக்கு இதில் நீண்ட அனுபவம். 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள் அவர்கள். தினம் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, 1731 முதல் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். இன்றும் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் அது தொடர்கிறது. அதில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை எங்கே வந்தது என்றால், ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். எவ்வளவு பக்தியுள்ள சபையாக இருந்தாலும் பிள்ளைகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? பொதுவாக எல்லோருக்கும் அது கட்டாயம் என்பதை 1818இல் கைவிட்டார்கள்.

அவர்களோடு பழகிய, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை இன்னும் சுவாரசியம். 1737 மார்ச்சில், அமெரிக்காவில் ஜார்ஜியாவில் ஊழியம் செய்தபோது, சோஃபி என்ற பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று மூன்று சீட்டு எழுதினார். மணம் செய்துகொள், இந்த வருடம் யோசிக்காதே, இனி இதை நினைக்கவே நினைக்காதே. வந்தது மூன்றாவது. தேவ சித்தம் என்று ஏற்றுக்கொண்டார். சில நாளிலேயே அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டாள். இவர் என்ன செய்தார்? சில மாதம் கழித்து அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். வழக்கு வந்தது, டிசம்பரில் ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. சீட்டு சொன்னதை மனம் ஏற்கவில்லை என்பது எனக்கு அதில் தெரிகிறது. பிற்பாடு எவ்வளவு பெரிய ஊழியராக ஆனார் என்பது வேறு. அந்த ஒரு வருடத்தை மட்டும் சொல்கிறேன்.

ஜனவரி 9, இரவு

கத்தோலிக்க நண்பர் ஒருவர் போட்டிக்கு ஒரு கதை அனுப்பியிருக்கிறார். பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லயோலாவுக்கு, 1522இல் ஸ்பெயினில் மொன்செராட்டுக்குப் போகும் வழியில் ஒரு மூரோடு (முஸ்லிம்) வாக்குவாதம். மாதாவைக் குறைத்துப் பேசிவிட்டான், துரத்திப் போய்க் கத்தியால் குத்துவதா வேண்டாமா என்று குழப்பம். கடைசியில் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளரவிட்டார். அந்த மனிதன் போன கிராமத்துப் பாதையில் திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது. கழுதை நெடுஞ்சாலையில் போயிற்று.

முதல் பட்டம் அந்தக் கழுதைக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் பாருங்கள், கொல்லாதே என்பது எழுத்து இல்லாத சிவப்பு. அங்கே கழுதையைக் கேட்கும் கேள்வியே எழக் கூடாது. பின்னாளில் இதே இக்னேஷியஸ்தான், மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று எழுதி வைத்தார். கழுதையிலிருந்து அதுவரைக்கும் அவர் வந்த தூரம் பெரிது. தம்பிக்கும் அது உதவும். அம்மாவிடம் பேசி அழுத இரவில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

ஜனவரி 12

"எந்த முடிவை நினைத்தால் மனத்தில் சமாதானம் இருக்கிறதோ அதுவே தேவ சித்தம்." மூன்று பேர் இதே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள். சபைகளில் அடிக்கடி கேட்பதுதான்.

யோனா கப்பலில் என்ன செய்துகொண்டிருந்தான்? புயல், மாலுமிகள் அலறுகிறார்கள், இவன் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். தேவனுக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்த மனிதன் அவன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இருந்த இயேசுவுக்கோ வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது. அவர் சரியான பாதையில் இருந்தார். மனச் சமாதானத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் யோனா பாஸ், ஆண்டவர் ஃபெயில்.

சமாதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகு வருகிறது என்கிறேன். என் வீட்டில் அப்படித்தான் வந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 13

மாதுங்கா மாமி எழுதியதை எல்லோரும் படியுங்கள். திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் அவர்கள் பக்கத்திலும் உண்டாம். கயிறு விழுந்த பக்கத்தில் வரும் பாட்டைப் பதிலாக எடுத்துக்கொள்வார்களாம். கோயிலில் சிவப்புப் பூ, வெள்ளைப் பூவைப் பொட்டலம் கட்டிப் போட்டுக் கேட்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆக, வாக்குத்தத்த அட்டையைப் பார்த்து யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை.

அவர் சொன்ன அப்பர் கதைதான் என்னை நிறுத்தியது. பெரியபுராணத்தில் வருகிறது. திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் நாவுக்கரசர் பசியிலும் தாகத்திலும் தளர்ந்து நடக்கிறார். வழியில் ஒரு சோலை, ஒரு குளம், பொதிசோற்றோடு ஓர் அந்தணர். சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார். பைஞ்ஞீலிக்கு. நானும் அங்கேதான் போகிறேன் என்று கூடவே நடக்கிறார். ஊர் நெருங்கியதும் ஆளைக் காணவில்லை. அப்போதுதான் வந்தது யார் என்று தெரிகிறது.

அதாவது, உடன் நடந்தவரை யாரென்று தெரியாமலேயே அப்பர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். எம்மா ஊருக்குப் போன சீஷர் இருவருக்கும், உயிர்த்த இயேசு கூட நடந்தபோது, இதேதான் நடந்தது. அப்பம் பிட்ட பிறகுதான் கண் திறந்தது, உடனே அவர் மறைந்துபோனார். மாமிக்கும் எனக்கும் வேதம் வேறு. இந்த இடத்தில் எங்களுக்குள் சண்டை இல்லை.

"தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணி செய்து கிடப்பதே" என்ற வரியையும் அவரே நினைவூட்டினார். எங்கள் தமிழ் வாத்தியார் அதன் பின்பாதியை மட்டும்தான் கரும்பலகையில் எழுதிப்போடுவார். முன்பாதி இல்லாமல் பின்பாதியைச் சுமக்க முடியாது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஜனவரி 14

கடன் என்றதும் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. என் வண்டி குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு மேல் நீர் ஏறினால் மோட்டாருக்குள் புகுந்துவிடும், ஓட்ட முடியாது. மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. இருட்டுகிறது. பெட்டியில் இருந்தவர்களுக்கு ஒரே கேள்வி: இறங்கி நடப்பதா, இருப்பதா?

சிலர் கைகோத்து இறங்கினார்கள். சிலர் இருந்தார்கள். தண்டவாளத்து ஓரத்துக் குடிசைக்காரர்கள், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும்போது, கயிறு கொண்டுவந்து பிடித்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். யார் எடுத்த முடிவு சரி என்று அன்று யாருக்கும் தெரியாது.

எனக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. தைரியசாலி என்பதால் அல்ல. வண்டியில் ஆள் இருக்கும்வரை மோட்டார்மேன் வண்டியை விட்டுப் போகக் கூடாது. தண்ணீர் இன்னும் ஏறுமா, உயிரோடு வீடு போவேனா, அதெல்லாம் தெரியாது. இன்று இரவு நான் எங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. பெரிய கேள்விக்குப் பதில் கிடைக்காத நேரத்தில் சின்னக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கையிலேயே இருக்கிறது. தம்பி விஷயத்தில் நான் தேடுவது அதைத்தான்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள். தாராவியில் தெருவெல்லாம் கரும்பு என்று பேரன் படம் அனுப்பியிருக்கிறான்.

தம்பியிடம் பக்கத்து வீட்டுக்காரர், பாந்த்ரா மலை மாதா கோயிலில் மெழுகு வீடு வாங்கி வைக்கச் சொன்னாராம். அங்கே கை, கால், குழந்தை, வீடு, விமானம் எல்லாம் மெழுகில் விற்பார்கள். கால் வலிக்குக் கால், வெளிநாட்டு வேலைக்கு விமானம். நான் புராட்டஸ்டண்டு, ஆனாலும் செப்டம்பர் திருவிழாவுக்கு மனைவியோடு போயிருக்கிறேன், அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கேலி பேச மனம் வரவில்லை. வேண்டுகிறவனுக்கு வீடு வேண்டும் என்றாவது தெரிந்திருக்கிறது. தம்பிக்கோ வீடு எந்த ஊரில் என்பதே கேள்வி.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன் என்றேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. ரயில்வே குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். ஊரில் நிலம் இருக்கிறது, சொந்தங்கள் இருக்கிறார்கள். இங்கே டோம்பிவிலியில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ஜெபித்தோம். போதகரிடம் கேட்டோம், அவரும் ஜெபித்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவளுக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் பெண் நடக்கும் தூரத்தில் இருந்தாள் என்பதற்காக டோம்பிவிலி வீட்டை வாங்கினோம். ஆன்மீகமான காரணம் ஒன்றுகூட இல்லை.

அதுதான் தேவ சித்தமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்குப் போயிருந்தாலும் அவர் எங்களைக் காப்பாற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன். இந்த வீட்டில் காப்பாற்றினார், அதை மட்டும் சாட்சியாகச் சொல்ல முடியும். மனைவி இப்போது கோலையும் வைத்துவிட்டு நடக்கிறாள், என் பதிவுகளையும் திருத்துகிறாள்.

ஜனவரி 16

"அப்படியானால் எந்த முடிவு எடுத்தாலும் ஒன்றுதானா?" என்று கோபமாக ஒருவர்.

ஒன்றல்ல. சிகிச்சைக்கு நடக்கும் தூரத்தில் இருந்த அதே வீட்டை, வாடகைக்கு விட்டால் லாபம் என்று வாங்கியிருந்தால் அது வேறு முடிவு. "எண்ணித் துணிக கருமம்" என்று வள்ளுவர் சொன்னது எண்ணுவதையும் சேர்த்துத்தான். எண்ணாமல் துணிகிறவனும், எண்ணிக்கொண்டே இருக்கிறவனும் அந்தக் குறளுக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஜனவரி 19

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"அண்ணாச்சி, வீடு ஒழுகுகிறதா என்று கேட்டீர்களே, அம்மாவிடம் கேட்டேன். பின்கட்டு ஒழுகுகிறதாம். இரண்டு மழையாக ஒழுகுகிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். நீ எப்போது பேசினாலும் மும்பைக்கு வா, வா என்கிறாய், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுகிறாய், இதை எப்படிச் சொல்வது என்றார். என்னதான் அம்மா வேண்டும் உங்களுக்கு என்று கேட்டேன். ஓடு மாற்ற வேண்டும், கிணற்று மோட்டாரைச் சரி பார்க்க வேண்டும், கண்ணில் புரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், அறுவை சிகிச்சையின்போது ஒரு மாதம் நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். வேலையை விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை."

எத்தனை மாத ஜெபம், எத்தனை பேர் ஆலோசனை, ஓர் அட்டை, அக்கா, அலுவலக நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், ஏன், நானும். அந்த அம்மாவைக் கேட்டதாக இந்த இழையில் இதுவரை ஒரு வரி இல்லை. தாயைக் கனம்பண்ணு என்ற கட்டளையைப் பற்றி நான் 6ஆம் தேதியே எழுதிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒழுகுகிறதா என்று கேட்டது என்னவோ கூடாரத்தைப் பற்றிப் பேசிய வேகத்தில்தான்.

தம்பி, ஊரா மும்பையா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை, அதை விடுங்கள். ஓடு, மோட்டார், கண். இந்த மூன்றுக்கும் அடையாளம் தேவையில்லை. ஓட்டுக்கு இப்போதே ஆள் பிடியுங்கள், மழைக்கு முன் என்றால் எல்லோரும் அதே மாதத்தில்தான் கூப்பிடுவார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்கினால் டிக்கெட் கிடைக்காது, அதற்கு முன் தேதி பாருங்கள்.

ஜனவரி 20

செம்பூர் வாசகர் மறுபடியும்: "அப்படியென்றால் ஜெபம் வீண் என்கிறீர்களா? நேராக அம்மாவைக் கேட்டிருக்கலாமே?"

இல்லை. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் ஆசியாவில் (அன்று அது ஒரு ரோம மாகாணத்தின் பெயர்) வசனம் சொல்ல ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதற்கும் இடம் கொடுக்கவில்லை. எப்படித் தடுத்தார் என்று லூக்கா எழுதவில்லை. நோயா, அதிகாரியா, சாலை கெட்டிருந்ததா, ஒன்றும் தெரியாது. கடற்கரைப் பட்டணமான துரோவாவுக்கு வந்துவிட்டார்கள், அதற்கு மேல் நிலம் இல்லை. அங்கேதான் இரவில் தரிசனம். மக்கெதோனியா தேசத்தான் ஒருவன், வந்து எங்களுக்கு உதவிசெய் என்கிறான். காலையில் எல்லோரும் அதைப் பற்றி யோசித்து நிச்சயித்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். தரிசனம் கண்டவர் ஒருவர், புறப்பட்டது எல்லோரும் சேர்ந்து.

தடுக்கப்பட்ட நேரமெல்லாம் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஜெபமும் கூடவே நடந்தது.

இன்னொன்று. மக்கெதோனியாவில் அவர்கள் போய்ச் சேர்ந்த பிலிப்பி பட்டணத்தில் ஆற்றங்கரையில் செவிகொடுத்தவள் லீதியாள் என்ற இரத்தாம்பர வியாபாரி, ஒரு பெண். தரிசனத்தில் வந்த ஆண்மகனை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததாக எழுதவில்லை. அதோடு விட்டதா? அதே ஊரில் பவுலுக்கும் சீலாவுக்கும் பிரம்படி, தொழுமரம், சிறை. சரியான வழியில் வந்தால் எல்லாம் தானாகத் திறக்கும் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சிறையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தம்பி ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே ஓட்டுக்காரர் ஏமாற்றலாம். அதனால் வந்ததே தவறு என்று ஆகிவிடாது.

ஜனவரி 27

தம்பி எழுதியிருக்கிறார்: ஒரு மாத விடுப்புக் கேட்டிருக்கிறார், அலுவலகம் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்கா கோபமாக இருக்கிறாளாம், அட்டையில் வந்த வாக்குத்தத்தத்தை இவன் மதிக்கவில்லை என்று. நீங்களே பதில் சொல்லுங்கள் என்கிறார். நான் மாட்டேன், அது குடும்ப விஷயம். கோரேசு கதையை மட்டும் அவளுக்கு அனுப்பிவையுங்கள்.

ஜனவரி 28

விக்ரோலியிலிருந்து ஒரு தகப்பன் கேட்கிறார்: மகளுக்கு இரண்டு வரன் வந்திருக்கிறது, இரண்டும் நல்ல இடம், கிதியோனைப் போல ஓர் அடையாளம் கேட்டு முடிவு செய்யலாமா?

ஐயா, வெஸ்லி கதையை 9ஆம் தேதி எழுதியிருக்கிறேன், படியுங்கள். மகளுக்கு எந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், பேசுவோம்.